பன்றி, மருந்து, பழி: புதுச்சேரியிலிருந்து ஒரு நோய் வரலாறு



பண்டிதர் அயோத்திதாசரைப் (1845–1914) பத்திரிகையாளராக, பௌத்தராக, வரலாற்றை மாற்றிப் படித்தவராக நாம் அறிவோம். அவர் சித்த வைத்தியரும்கூட. அவர் மறைந்த மே 5-ஐ ஒட்டிக் கூடியிருக்கும் இந்த அரங்கில், நோயையும் மருந்தையும் பற்றிப் பேச நாம் முடிவு செய்ததற்கு அது ஒரு காரணம். இன்னொரு காரணம் அவருடைய முறை. ஒரு பெயர் நம்மீது ஒட்டப்பட்டிருந்தால், அதை ஒட்டியவர் யார், எப்போது ஒட்டினார், எதற்காக ஒட்டினார் என்று கேட்கச் சொல்லிக் கொடுத்தவர் அவர். 'நோய் பரப்புகிறவர்கள்' என்பதும் நம் மக்கள்மீது ஒட்டப்பட்ட ஒரு பெயர். பன்றி வளர்ப்பவர்மீது அது இன்னும் அழுத்தமாக ஒட்டியிருக்கிறது.

இலக்கிய அரங்கில் பன்றி புதிதல்ல. நாகராஜ் மஞ்சுளேயின் 'ஃபன்றி' (2013) படத்தின் தலைப்பு, கைக்காடிச் சமூகத்தின் பேச்சில் பன்றியைக் குறிக்கும் சொல். தமிழோடு உறவுடைய பேச்சு அது. காதில் விழுந்தவுடன் நமக்குப் புரிந்துவிடுகிறது. மாரி செல்வராஜின் 'மாமன்னன்' (2023) படத்தில் நாயகனே பன்றி வளர்க்கிறான். திரையில் பன்றி தன்மானத்தின் குறியீடாகிவிட்டது. கொட்டிலில் இருக்கும் பன்றிக்குக் காய்ச்சல் கண்டால் என்ன நடக்கிறது? அந்தக் கேள்வியை இன்று எடுத்துக்கொள்வோம்.

பிஸ்கட் டின்

சென்ற ஆண்டு மழைக்காலத்துக்கு முன்பு, நாங்கள் நால்வர் நகரத்தின் ஓரத்தில் ஒரு வாய்க்கால் கரைக்குப் போனோம். அங்கே சில குடும்பங்கள் பன்றி வளர்க்கின்றன. ஹோட்டல்களிலிருந்து மிச்சச் சோறு நீல டிரம்களில் மொபெட்டில் வந்து இறங்குகிறது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அக்கா எங்களுக்குத் தன் கொட்டிலைக் காட்டினார். மருந்து எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டோம். ஒரு பழைய பிஸ்கட் டின்னை எடுத்து வந்தார். உள்ளே மனிதர் சாப்பிடும் டெட்ராசைக்ளின் கேப்சூல்கள், பாதி தீர்ந்த அமாக்சிசிலின் அட்டை, மாட்டுக்குப் போடும் ஆக்சிடெட்ராசைக்ளின் குப்பி ஒன்று, ஒரே ஒரு சிரிஞ்சு.

"குட்டிக்குக் கழிச்சல் கண்டா இதப் பிரிச்சி சோத்துல கலந்து போடுவோம் தம்பி. நின்னுடும். நின்னா நிறுத்திடுவோம். இப்பல்லாம் சில தடவ நிக்க மாட்டேங்குது."

மாட்டாஸ்பத்திரிக்குப் போவதில்லையா என்று கேட்டோம்.

"கூட்டியாங்கன்றாங்க. பன்னிய எப்படி பஸ்ல கூட்டிட்டுப் போறது? வந்து பாருங்கன்னா, பாக்கலாம்பாங்க. அதுக்குள்ள நாலு குட்டி போயிடும். மெடிக்கல்ல கேட்டா உடனே குடுக்கறான்."

அவருடைய வீட்டுக்காரர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். காலில் கட்டு. மூன்று மாதமாகப் புண் ஆறவில்லை. இரண்டு முறை மருந்து மாற்றிவிட்டார்களாம். அந்தப் புண்ணுக்கும் இந்த டின்னுக்கும் தொடர்பு உண்டென்று சொல்ல எங்களிடம் எந்த ஆதாரமும் இல்லை. ஆனால் 'இப்பல்லாம் நிக்க மாட்டேங்குது' என்ற அந்த வாக்கியம் குட்டிக்கும் மனிதருக்கும் பொதுவானது. அது எப்படி வந்தது என்பதைத் தேடியபோது இரண்டு வரலாறுகள் கிடைத்தன. ஒன்று, பன்றியைச் சொல்லி மனிதரைப் பழித்த வரலாறு. மற்றொன்று, மருந்தைத் தீவனமாக்கிய வரலாறு. முதலாவதில் நம் மக்கள் குற்றவாளிகளாக நிறுத்தப்பட்டார்கள். இரண்டாவதில் உண்மையான பொறுப்பாளிகளை யாரும் அப்படி நிறுத்தவில்லை.

புல்வாருக்கு வெளியே

பிரெஞ்சுக்காரரின் புதுச்சேரியைப் பெரிய வாய்க்கால் இரண்டாகப் பிரித்தது. கடல் பக்கம் வெள்ளை நகரம், மேற்கே கறுப்பு நகரம். கறுப்பு நகரத்துக்குள் சாதிக்கொரு வீதி. புல்வார்கள் சுற்றி வளைத்த அந்த முட்டை வடிவ நகரத்துக்கு வெளியே சேரிகள். ஆட்சி நிறத்தால் கோடு போட்டது, ஊர் சாதியால் போட்டது. இரண்டு கோடுகளுக்கும் வெளியே இருந்தவர்கள்தான் நகரத்தின் கழிவை அள்ளினார்கள்.

நிலமில்லாதவர் ஏன் பன்றி வளர்த்தார் என்பதற்குப் பெரிய ஆய்வு தேவையில்லை. மாட்டுக்கு மேய்ச்சல் நிலம் வேண்டும், வைக்கோல் வேண்டும். பன்றிக்கு மற்றவர் எறிந்தது போதும். ஒரு தாய்ப்பன்றி ஆண்டுக்கு இரண்டு ஈற்று ஈனும், ஈற்றுக்கு எட்டுப் பத்துக் குட்டிகள். பள்ளிக் கட்டணத்துக்கு ஒன்றை விற்கலாம், கல்யாணத்துக்கு நான்கை விற்கலாம். காட்டுநாயக்கர், குறவர், அருந்ததியர், பறையர் எனப் பல சமூகங்களில் பன்றி ஒரு நடமாடும் சேமிப்பு. நகரத்துக்கோ அது கூலி இல்லாமல் குப்பை தின்னும் இயந்திரம்.

1954 நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படியான இணைப்பு முடிந்தது. நகரம் புல்வாரைத் தாண்டி வளர்ந்து, ஒதுக்குப்புறமாக இருந்த இடங்களையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டது. மனைகள் விற்கப்பட்டன, நகர்கள் முளைத்தன. பன்றியும் அதை வளர்த்தவரும் நகரவில்லை, நகரம்தான் அவர்களிடம் வந்தது. வந்தபின், 'குடியிருப்புப் பகுதியில் பன்றித் தொல்லை' என்று மனு எழுதியது. பொருள் இருக்கக்கூடாத இடத்தில் இருப்பதையே சமூகம் அழுக்கு என்று காண்கிறது என மேரி டக்ளஸ் 1966-இல் விளக்கினார். சமூகவியல் வகுப்பில் படித்த அந்தப் பாடம் நமக்கு இங்கே விளங்கியது. இடத்தை வரைகிறவன் கையில்தான் அழுக்கின் இலக்கணமும் இருக்கிறது.

எல்லைக்கு அந்தப் பக்கம், ஆங்கிலேயரின் மதராஸ் மாகாணத்தில், 1920-ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டம் பன்றி வளர்க்க அனுமதி கேட்டது, திரியும் பன்றியை அழிக்க அதிகாரம் தந்தது. இன்றும் எந்த ஊரிலானாலும் செய்தி ஒரே மாதிரி வருகிறது: காய்ச்சல் பரவுகிறது, பன்றிகள் பிடிக்கப்படும், உரிமையாளர்மீது நடவடிக்கை. பன்றிக்குத் தடுப்பூசி முகாம் என்ற செய்தியை நம்மில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்?

வயலில் பிறந்த கொசு

நம் பகுதியில் பன்றிமீது விழுந்த மிகப் பெரிய பழி மூளைக்காய்ச்சல். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் மனிதரிடம் முதன்முதலில் கண்டறியப்பட்டது 1955-இல், வேலூரில். பின்னர் பழைய தென்னாற்காடு மாவட்டம், அதாவது நம்மைச் சுற்றியுள்ள இன்றைய விழுப்புரம், கடலூர் பகுதிகள், அந்த நோய் திரும்பத் திரும்ப வந்த இடங்களாயின. தொற்றும் ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கே நோய் முற்றுகிறது. முற்றினால், நூற்றுக்கு முப்பது பேர்வரை இறக்கிறார்கள். பிழைக்கும் குழந்தைகளில் பலர் கைகால் முடங்கியோ பேச்சிழந்தோ வாழ்கிறார்கள். அந்தத் தாய்மார்களின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அந்தக் கோபம் யாரை நோக்கித் திருப்பப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும்.

பன்றியின் உடலில் இந்த வைரஸ் பெருகுகிறது என்பது உண்மை. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. தொற்றிய பன்றியின் ரத்தத்தில் சில நாட்களுக்கு வைரஸ் இருக்கும், அப்போது கடிக்கும் கொசு அதை எடுத்துச் செல்லும். ஆனால் கொக்கு, நாரை போன்ற நீர்ப்பறவைகளின் உடலிலும் அது பெருகுகிறது. கொண்டுவந்து சேர்க்கும் க்யூலெக்ஸ் இனக் கொசுக்கள் பிறப்பது தண்ணீர் கட்டி நிற்கும் நெல்வயலில். பன்றியிடமிருந்து மனிதருக்கு நேரடியாக இது தொற்றுவதில்லை. பறவை, வயல், கொசு, பன்றி, மனிதர் என்று ஐந்து கண்ணிகள் உள்ள சங்கிலி இது.

இந்த ஐந்தில் நிலவுடைமையாளரின் கண்ணி வயல். வயலில் விடாமல் தண்ணீர் நிற்காதபடி காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விட்டால் கொசுப்புழு முதிர்வதற்குள் காய்ந்துபோகும். தமிழ்நாட்டு வயல்களிலேயே இது சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. கொசு வழிப் பரவும் நோய்களை ஆராய்வதற்கென்றே 1975 முதல் நம் புதுச்சேரியில் ஒரு மத்திய ஆய்வு மையம் இருக்கிறது. அறிவுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும், மூளைக்காய்ச்சல் வருகிறது, வயலில் தண்ணீரை வடியுங்கள் என்று எந்தப் பண்ணையாருக்கும் நோட்டீஸ் போனதாக நாம் கேள்விப்பட்டதில்லை. நோட்டீஸ் போனது கொட்டிலுக்கு.

கடைசியில் குழந்தைகளைக் காப்பாற்றியதில் பெரும்பங்கு தடுப்பூசிக்கு. 2006 முதல் நோய் மிகுந்த மாவட்டங்களில் குழந்தைகளுக்கு அது போடப்படுகிறது. பன்றியை ஊரைவிட்டுத் துரத்தி எந்த மாவட்டமும் மூளைக்காய்ச்சலை ஒழிக்கவில்லை.

நாடாப்புழு யாருடையது?

அடுத்த பழி வலிப்பு நோய். பன்றிக் கறி தின்றால் மூளையில் புழு ஏறும் என்று படித்தவர்களும் சொல்கிறார்கள். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் இதில் பாதிதான் உண்மை.

நன்றாக வேகாத பன்றிக் கறியில் புழுக்கூடு இருந்தால், தின்றவர் குடலில் நாடாப்புழு வளரும். அது குடலோடு நிற்கும். மூளைக்குப் போவது வேறு வழி. நாடாப்புழு உள்ள மனிதரின் மலத்தில் முட்டைகள் வெளியேறுகின்றன. அந்த முட்டை கை வழியாகவோ தண்ணீர், பச்சைக் காய்கறி வழியாகவோ இன்னொருவர் வயிற்றுக்குள் போனால்தான் மூளையில் கூடு கட்டும். பன்றிக்கும் புழுக்கூடு வருவது அப்படித்தான், மனித மலத்தைத் தின்று. பன்றிக் கறியையே தொடாத சைவருக்கும் இந்த வலிப்பு வரும். வேலூர் மாவட்டத்தில் சிஎம்சி மருத்துவர்கள் நடத்திய ஆய்வில், வலிப்பு நோயாளிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு நெருக்கமானவர்களுக்கு இதுவே காரணமாக இருந்தது.

ஆக, இது கழிப்பறை இல்லாததால் வரும் நோய். கழிப்பறையும் சாக்கடையும் எந்தத் தெருவோடு நின்றன, எந்தத் தெருவுக்கு வரவில்லை என்று கேட்டால், பழி போக வேண்டிய முகவரி கிடைத்துவிடும். பன்றிக்கு இந்தப் புழு வராமல் தடுக்கும் ஊசியும் உண்டு. அது ஐதராபாத்தில்தான் தயாராகிறது. வாய்க்கால் கரை அக்காவிடம் அதைப் பற்றி யாரும் சொன்னதில்லை.

கெய்ரோவும் மலேசியாவும்

இந்தப் பழி நம் ஊரின் தனிச்சொத்து என்று எண்ண வேண்டாம். 2009-இல் எச்1என்1 இன்ஃப்ளூயன்சா பரவியபோது நாமெல்லாரும் அதைப் 'பன்றிக் காய்ச்சல்' என்றோம். அது பரவியது மனிதரிடமிருந்து மனிதருக்கு. அந்தப் பெயர் தவறான எண்ணத்தைத் தருகிறது என்று உலக சுகாதார நிறுவனம் ஏப்ரல் மாத இறுதியிலேயே அதைக் கைவிட்டது. அதற்குள் எகிப்து அரசு நாட்டிலுள்ள பன்றிகளையெல்லாம், ஏறத்தாழ 3 லட்சம், கொல்ல உத்தரவிட்டிருந்தது. அவை யாருடையவை? கெய்ரோவின் குப்பையைப் பல தலைமுறையாக அள்ளி, அதில் கிடைக்கும் உணவுக் கழிவால் பன்றி வளர்த்த ஸப்பாலீன் மக்களுடையவை. பெரும்பாலும் சிறுபான்மைக் காப்டிக் கிறித்தவர்கள். பன்றிகள் போயின, அவர்களின் பிழைப்பும் போனது. நோய் நிற்கவில்லை. தின்ன ஆளில்லாத கழிவு கெய்ரோ வீதிகளில் மலையாகக் குவிந்தது.

அதற்குப் பத்தாண்டு முன்பு மலேசியாவில் நேர்மாறான பாடம். 1998–99-இல் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்கள் மூளைக்காய்ச்சலால் விழுந்தார்கள். பழைய பழக்கத்தில் அதை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று கருதிக் கொசு மருந்து அடித்தார்கள். உண்மையில் அது நிபா என்ற புதிய வைரஸ். பழந்தின்னி வௌவால்கள் வரும் மரங்கள் பெரும் பன்றிப் பண்ணைகளை ஒட்டி நின்றன. வௌவால் கடித்துப்போட்ட பழம் தொழுவத்தில் விழுந்தது. நெருக்கமாக அடைக்கப்பட்ட பன்றிகளிடையே நோய் பரவியது. 105 பேர் இறந்தார்கள், சுமார் 10 லட்சம் பன்றிகள் கொல்லப்பட்டன. இங்கே பன்றியிடமிருந்து மனிதருக்கு நேரடியாகவே தொற்றியது. ஆகவே, பன்றியால் நோயே வராது என்று நாம் வாதாடவில்லை. எந்த நோய், எந்த வழி, எந்த வகை வளர்ப்பு என்று பிரித்துப் பார்க்கச் சொல்கிறோம். முன்முடிவோடு பார்த்தால் மக்கள் சாகிறார்கள் என்பதற்கு மலேசியா சாட்சி.

மருந்து தீவனமான கதை

இப்போது பிஸ்கட் டின்னுக்கு வருவோம். அதிலிருந்த டெட்ராசைக்ளினின் குடும்ப வரலாறு சென்னையைத் தொட்டுச் செல்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ், அமெரிக்காவின் லெடர்லே நிறுவனத்தில் ஆராய்ச்சித் தலைவராக இருந்தபோது, 1948-இல் ஆரியோமைசின் வெளிவந்தது. டெட்ராசைக்ளின் வகையில் முதல் ஆன்டிபயாட்டிக் அதுதான். அதே ஆண்டில் சுப்பாராவ் இறந்தார். மருந்தை வடித்தெடுத்தபின் மிஞ்சிய சக்கையைக் கோழிக்குஞ்சுகளுக்குப் போட்டுப் பார்த்தார்கள். அவை வேகமாக எடை கூடின. பன்றிக்கும் அப்படியே. 1950-இல் இது அறிவிக்கப்பட்டது. 1951-இல், மருத்துவர் சீட்டு இல்லாமலே தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் கலக்க அமெரிக்க அரசு அனுமதித்தது.

நோயில்லாத விலங்குக்கு, கொழுப்பதற்காக, தினமும் சிறிதளவு மருந்து. குறைந்த அளவு மருந்து கிருமியைக் கொல்லாது, பழக்கிவிடும் என்று பென்சிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங் 1945-ஆம் ஆண்டு நோபல் உரையிலேயே எச்சரித்திருந்தார். ஆனால் லாபம் உடனடியாகக் கண்ணுக்குத் தெரிந்தது, கிருமி தெரியவில்லை. மருந்தின் உதவியால் பன்றிகளை இன்னும் நெருக்கி அடைக்க முடிந்தது. குட்டிகளைச் சீக்கிரம் பால் மறக்கடித்து, தாயை அடுத்த ஈற்றுக்குத் தயாராக்க முடிந்தது. சீக்கிரம் பிரிக்கப்பட்ட குட்டிக்குக் கழிச்சல் வரும், அதற்கும் மருந்து. கொட்டிலின் குறையை மருந்தால் நிரப்பியதுதான் தொழிற்சாலைப் பண்ணை.

எச்சரிக்கை இல்லாமல் இல்லை. 1969-இல் பிரிட்டனில் ஸ்வான் குழு, மனிதருக்குத் தேவையான மருந்தைத் தீவனத்தில் கலக்காதே என்றது. 1986-இல் சுவீடன் வளர்ச்சிக்காக மருந்து தருவதைத் தடை செய்தது. 2006-இல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் தடை வந்தது. டென்மார்க் கணக்கு நமக்கு முக்கியம். 1992-க்கும் 2008-க்கும் இடையில் அங்கே பன்றி உற்பத்தி கிட்டத்தட்டப் பாதி கூடியது. ஒரு கிலோ பன்றிக் கறிக்குச் செலவான ஆன்டிபயாட்டிக்கோ பாதிக்கு மேல் குறைந்தது. மருந்தைக் குறைத்தால் தொழில் அழியும் என்ற வாதம் அங்கே விழுந்தது.

மற்ற இடங்களில் கிருமிகள் கற்றுக்கொண்டே இருந்தன. 2000-களின் நடுவில் நெதர்லாந்தில், மருந்துக்கு அடங்காத எம்ஆர்எஸ்ஏ வகை ஒன்று பன்றிப் பண்ணைக் குடும்பங்களின் உடலில் காணப்பட்டது. பண்ணையில் உருவாகும் கிருமி முதலில் ஏறுவது பன்றியோடு புழங்குகிறவர் மேல்தான். 2015-இல் சீனாவில் அதைவிடப் பெரிய அதிர்ச்சி. வேறு எதுவும் கேட்காதபோது மருத்துவர்கள் கடைசியாக எடுக்கும் மருந்து கொலிஸ்டின். அதைத் தோற்கடிக்கும், ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடிய மரபணு பன்றிகளில் கண்டறியப்பட்டது. பல்லாயிரம் டன் கொலிஸ்டினைப் பண்ணைகள் விழுங்கியதன் விளைவு அது.

இந்தியாவில் இந்தப் பழக்கம் பெருகியது முதன்மையாகக் கோழிப் பண்ணைகளில். 2014-இல் டெல்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் சோதித்த 70 கோழிக் கறி மாதிரிகளில் 40 விழுக்காட்டில் ஆன்டிபயாட்டிக் மிச்சம் இருந்தது. உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கொலிஸ்டின் தருவதை நம் அரசு தடை செய்தது 2019 ஜூலையில்தான். அதுவரை கோழிக்கு அதைக் கொடுத்த பெரும் நிறுவனங்களை 'நோய் பரப்புகிறவர்கள்' என்று எந்தத் தலைப்புச் செய்தி சொன்னது? மருந்துக்கு அடங்காத கிருமிகளால் நேரடியாக இறந்தவர்கள் 2019-இல் மட்டும் உலகில் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் என்று மதிப்பிடப்பட்டிருக்கிறது. முதல் மருந்து கேட்காதபோது இரண்டாவதும் மூன்றாவதும் வாங்க முடியாதவர்கள் அதில் முந்திப் போயிருப்பார்கள் என்பதை ஊகிக்கச் சமூகவியல் பட்டம் தேவையில்லை.

அக்காவின் டின்னும் இந்த வரலாற்றில் சேர்ந்ததுதான். கழிச்சல் நின்றதும் மருந்தை நிறுத்துவது, அளவு தெரியாமல் சோற்றில் கலப்பது, ஒரே ஊசியை எல்லாக் குட்டிக்கும் போடுவது எல்லாம் கிருமியைப் பழக்கும் செயல்களே. ஏழை செய்தால் கிருமி இரக்கம் காட்டாது. ஆனால் பண்ணை நிறுவனம் மருந்தைக் கலந்தது லாபத்துக்காக, மருத்துவர் இருந்தும். அக்கா கலந்தது மருத்துவர் வராததால். இந்த வேறுபாட்டைச் சட்டம் காணவில்லை என்றால், நாளைக்கு வரும் தடையும் அவர் தலையில்தான் விழும்.

பஸ்தேரின் ஊசி

புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி பறந்த காலத்தின் ஒரு செய்தி. 1882–83-இல் லூயி பஸ்தேரும் அவருடைய இளம் உதவியாளர் லூயி துய்லியேவும் தெற்குப் பிரான்சின் பொல்லேன் ஊர்ப் பகுதியில் பன்றிகள் மடிந்துகொண்டிருந்த நோய்க்குத் தடுப்பூசி கண்டார்கள். கிருமியை முயலின் உடலில் செலுத்திச் செலுத்தி வலுவிழக்கச் செய்தார்கள். உலகப் புகழ் பெற்ற விஞ்ஞானி ஒருவர், வெறிநாய்க்கடி ஊசிக்கும் முன்பே, குடியானவரின் பன்றிக்காக ஆய்வகத்தைவிட்டுக் கிராமத்துக்கு வந்தார். பன்றி அங்கே யாருக்கும் இழிவல்ல. அது விவசாயியின் சொத்து. அதனால் அரசும் அறிவியலும் அதைத் தேடி வந்தன.

நம் நாட்டில்? பன்றிகளைக் கூட்டமாகக் கொல்லும் நோய்களில் ஒன்று, முன்பு பன்றிக் காலரா என்று அழைக்கப்பட்ட செவ்வியல் பன்றிக் காய்ச்சல். வைரஸ் நோய். எந்த ஆன்டிபயாட்டிக்கும் கேட்காது. தடுப்பூசி ஒன்றே வழி. அந்தத் தடுப்பூசியும் இங்கே முயலின் உடலிலிருந்துதான் எடுக்கப்பட்டது. ஒரு முயலுக்குச் சுமார் 50 டோஸ். 2020-இல் இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தின் புதிய செல் வளர்ப்புத் தடுப்பூசி வெளியானபோது சொல்லப்பட்ட கணக்கு இது: நாட்டுக்கு ஆண்டுக்குத் தேவை 2 கோடியே 20 லட்சம் டோஸ், கிடைத்தது 12 லட்சம். 2019 கணக்கெடுப்புப்படி இந்தியாவில் 90 லட்சத்துக்குச் சற்று மேல் பன்றிகள். ஏழாண்டுகளில் 12 விழுக்காடு குறைவு. ஊசி கிடைக்காத நாட்டில், சாகும் பன்றிக்கு அமாக்சிசிலின் கொடுத்துப் பார்ப்பதைத் தவிர அக்கா என்ன செய்திருக்க முடியும்?

இப்போது புதிதாக வந்திருப்பது ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். 2020-இல் அசாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் தொடங்கி, 2022 ஜூலையில் நம் அண்டையில் வயநாடுவரை வந்துவிட்டது. மனிதருக்குத் தொற்றாது. பன்றிக்கு வந்தால் மருந்து கிடையாது. வேகாத பன்றிக் கறி கலந்த ஹோட்டல் கழிவு அது பரவும் வழிகளில் ஒன்று. நோய் வந்த இடத்தைச் சுற்றியுள்ள பன்றிகளைக் கொன்று நட்டஈடு தர வேண்டும். ஆனால் பதிவே இல்லாத, எப்போது வேண்டுமானாலும் விரட்டப்படலாம் என்று அஞ்சும் குடும்பம், என் பன்றி செத்துவிட்டது என்று எப்படி வந்து சொல்லும்? இரவோடிரவாக வாய்க்காலில் தள்ளும், அல்லது மிஞ்சியதை விற்கும். நோய் பரவும். பழித்தலே நோய் பரப்பும் வழியாகிவிடுகிறது.

நாம் என்ன செய்வது?

நமக்குள்ளும் இரண்டு பேச்சுகள் இருக்கின்றன. படித்து வெளியேறிய நம்மில் சிலர், பன்றி வளர்ப்பே இழிவு, அதை விட்டொழிப்பதே விடுதலை என்கிறோம். வேறு சிலர், பன்றி நம் பண்பாடு, அதைப் பற்றி யாரும் பேசக்கூடாது என்கிறோம். முதல் பேச்சு அக்காவின் பிழைப்பைக் கணக்கில் எடுக்கவில்லை. இரண்டாவது அவர் உடல்நலத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. சாதி கட்டாயப்படுத்திய தொழிலைவிட்டுப் போகும் உரிமையும், விரும்பினால் அதையே மதிப்போடும் பாதுகாப்போடும் செய்யும் உரிமையும் வேண்டும். காட்டுப்பாக்கம் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் பன்றி வளர்ப்பு பாடமாகவும் பயிற்சியாகவும் இருக்கிறது. முதலீடு உள்ளவர் வெண்பன்றிப் பண்ணை வைத்தால் தொழில்முனைவோர், நாம் வளர்த்தால் தொல்லை என்ற கணக்கை ஏற்க முடியாது.

நோய்த்தடுப்பு என்பது பெரிய வித்தையல்ல. கவனிப்பு, இடம், தண்ணீர். புதிதாக வாங்கிய பன்றியை மூன்று நான்கு வாரம் தனியே கட்டுவது. ஹோட்டல் கழிவை அரை மணி நேரம் கொதிக்கவிட்டு ஆறவைத்துப் போடுவது. கொட்டில் வாசலில் கிருமிநாசினித் தொட்டி வைத்துக் கால் நனைத்து உள்ளே போவது. பிறந்த குட்டிக்கு முதல் வாரத்திலேயே இரும்புச்சத்து ஊசி. அவசரப்பட்டுப் பால் மறக்கடிக்காமல் இருப்பது. குடற்புழு நீக்கம், தடுப்பூசி. மருந்து போட்டால் சொன்ன நாள்வரை முழுதாகப் போட்டு, காத்திருப்புக் காலம் முடியும்வரை வெட்டாமல் இருப்பது. காத்திருப்புக் காலம் வரையறுக்கப்படாத மருந்தானால் இறைச்சிக்கு 28 நாளுக்குக் குறையக்கூடாது என்று 2012 முதல் விதி இருக்கிறது. லேபிள் ஆங்கிலத்தில் இருக்கிறது. இவை செய்யப்பட்ட கொட்டிலில் ஆன்டிபயாட்டிக்குக்கு வேலை குறைந்துபோகும்.

ஆனால் கொதிக்க வைக்க விறகு வேண்டும், கழுவத் தண்ணீர் வேண்டும், தனியே கட்ட இடம் வேண்டும். நாளைக்கே அப்புறப்படுத்தப்படலாம் என்ற நிலத்தில் யாரும் சிமெண்டுத் தரை போட மாட்டார்கள். எனவே நோய்த்தடுப்பு நிலத்திலிருந்து தொடங்குகிறது. இந்த அரங்கு முன்வைக்கும் கோரிக்கைகள் இவை:

பன்றி வளர்ப்போரை அபராதத்துக்காக அல்லாமல் பாதுகாப்புக்காகப் பதிவு செய்ய வேண்டும். தண்ணீர், வடிகால், மின்சாரம் உள்ள பொதுக் கொட்டில் வளாகம் ஒதுக்கப்பட வேண்டும். அது குடியிருப்பிலிருந்து விலகியும் வளர்ப்பவர் நடந்து போகும் தூரத்திலும் இருக்க வேண்டும். கால்நடை மருத்துவர் கொட்டிலுக்கு வரும் நாள் அறிவிக்கப்பட வேண்டும். மாட்டுக்குத் தடுப்பூசி முகாம் நடக்கும் ஊரில் பன்றிக்கும் நடக்க வேண்டும். மருந்துச் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் விற்பதைத் தடுக்கும்போது, சீட்டு எழுத ஒருவரையும் அனுப்ப வேண்டும். நோய் வந்ததைச் சொன்னவருக்கு நட்டஈடு தாமதமின்றிக் கிடைக்க வேண்டும்.

புதுச்சேரிக் குருமாம்பேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. இங்கே அதன் மாணவர்கள் யாராவது உட்கார்ந்திருந்தால் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். வாய்க்கால் கரைக்கு எங்களோடு வாருங்கள். சமூகவியல் மாணவர்கள் குறிப்பேடு கொண்டு வரட்டும், நீங்கள் ஸ்டெதஸ்கோப் கொண்டு வாருங்கள்.

நாங்கள் இரண்டாம் முறை போனபோது, நண்பரான ஒரு கால்நடை மருத்துவர் சொந்தச் செலவில் உடன் வந்தார். டின்னில் இருந்தவற்றை எடுத்து வைத்து, எது எதற்கு, எது காலாவதி, எது பன்றிக்கே கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அக்கா எதுவும் எழுதிக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னார், ஒன்றும் தப்பவில்லை. பிறகு கேட்டார்:

"இத மொதல்லயே வந்து சொல்லியிருந்தா ஆவாதா சார்?"

அந்தக் கேள்விக்கு நண்பர் பதில் சொல்லவில்லை. அது அவரை நோக்கிக் கேட்கப்பட்டதும் அல்ல.